ஓட்டலாம், நிறுத்தக் கூடாது

கடிதம் நவம்பரில் வந்தது. பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் என் காரின் தரைக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடும் என்று கார் கம்பெனி எழுதியிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தாலும், சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கினாலும் பிடிக்கக் கூடும். ஆகவே காரைச் சார்ஜ் போட வேண்டாம், பெட்ரோலில் ஓட்டிக்கொள்ளலாம். நிறுத்தும்போது மட்டும் திறந்தவெளியில், கட்டடங்களிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் ஐம்பது அடி தள்ளி நிறுத்தவும். மாற்று பேட்டரி தயாரானதும் தெரிவிக்கிறோம்.

நான் இருப்பது சிகாகோவின் தென்மேற்கில், ஆர்ச்சர் அவென்யூவுக்குப் பின்னால். எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க முடியும். படி இறங்கினால் நடைபாதை, அதையொட்டி வரிசையாகக் கார்கள். ஐம்பது அடியை மனதுக்குள் அளந்துபார்த்தேன். எந்தப் பக்கம் அளந்தாலும் அது யாருடைய படுக்கையறையிலாவது போய் முடிந்தது.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ப்ரெண்ட் என்று ஒருவன் எடுத்தான்.

“வெளியில நிறுத்துங்க மேடம். கட்டடத்துல இருந்து தள்ளி.”

“எங்க தெருவுல அப்படி ஒரு இடமே இல்லியே.”

“புரியுது மேடம். வெளியில, கட்டடத்துல இருந்து தள்ளி நிறுத்தச் சொல்லியிருக்காங்க.”

“நீங்களா இருந்தா எங்க நிறுத்துவீங்க, ப்ரெண்ட்?”

அவனுக்குப் பின்னால் வேறு பல குரல்கள் அதே வாக்கியத்தை வேறு யார் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தன.

“என்கிட்ட கார் இல்ல மேடம்,” என்றான் கடைசியில், தணிந்த குரலில். பிறகு சுதாரித்துக்கொண்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான்.

கார் வாங்கிய டீலரிடம் போனேன். அங்கே ஒரு வழி இருந்தது. “கொண்டாந்து எங்ககிட்ட விட்டுடுங்க. ரயில் பாதை ஓரம் எங்க மைதானத்துல வச்சுக்கறோம். ஆனா ஒருதரம் உள்ள வந்துட்டா பேட்டரி மாத்தாம வெளிய விட முடியாது, சட்டம் அப்படி.”

“அதுவரைக்கும் எனக்கு வேற கார் குடுப்பீங்களா?”

“அது கம்பெனியைத்தான் கேக்கணும்.”

“பேட்டரி எப்ப வரும்?”

“அதையும் கம்பெனியைத்தான் கேக்கணும்.”

ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். அதற்கு பஸ் இருக்கிறது. கார் இருப்பது ரூட்டாவுக்காக. என் மகள். பதினொரு வயது. அவள் அப்பா டேரலோடு ஸ்ட்ரீட்டர் என்ற சிற்றூரில் இருக்கிறாள். காரில் இரண்டு மணி நேரம், ரயில் கிடையாது, பஸ் சனிக்கிழமை மட்டும்தான். வெள்ளிக்கிழமை மாலை நான் போய் அழைத்து வரலாம், ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விட வேண்டும். நீதிமன்றம் அப்படித்தான் பிரித்துக் கொடுத்தது. அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது. விவாகரத்து என் பெயரில் ஒரு கிரெடிட் கார்டைக்கூட விட்டுவைக்கவில்லை என்பதால் வாடகைக் கார் எவனும் தர மாட்டான்.

டேரல் கெட்டவன் அல்ல. “எதுக்கு ஆல்டோனா அவளை இழுத்தடிக்கற? சனிக்கிழமை மத்தியானம் நீயே இங்க வந்துடேன். பஸ் ஸ்டாப்புல வந்து கூட்டிட்டுப் போறேன். ஜோலீன் காபி போடுவா. கோர்ட்டு கீர்ட்டுலாம் வேண்டாம்,” என்று பல தடவை சொல்லியிருக்கிறான். ஜோலீன் அவனுடைய இப்போதைய மனைவி. ஒருமுறை போயிருக்கிறேன். அவர்களுடைய சோபாவின் நுனியில், கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரூட்டா தன் அறையை எனக்குச் சுற்றிக் காட்டினாள், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் காட்டுவதுபோல. குளியலறை எந்தப் பக்கம் என்றுகூடச் சொன்னாள். அதன் பிறகு நான் போகவில்லை.

காரை டீலரிடம் விட்டால் எனக்கு மிஞ்சுவது அந்த சோபாதான்.

வீட்டுக்காரர் கோர்ஸ்கியிடம் கடிதத்தைக் காட்டினேன். அதுவரை கார் அவருடைய பின்சந்து கராஜில்தான் நின்றது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். “மறைக்காமக் காட்டினியே, நல்ல பொண்ணு நீ. சாவியைக் குடு,” என்றார். கராஜ் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அந்த வாரமே குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

அரசாங்கத்தின் இணையதளத்தில் புகார் பதிவு செய்தேன். அங்கே இதே மாடல் காரை வைத்திருந்தவர்கள் எழுதிய புகார்கள் நிறைய இருந்தன. வேலை முடிந்து வந்ததும் அவற்றைப் படிப்பது வழக்கமாகிவிட்டது. டெக்சாஸில் ஒருவர் மாட்டுத் தொழுவத்துக்கு அப்பால் புல்வெளியில் நிறுத்துகிறார். மாடுகள் வண்டியை நக்கி பெயிண்ட் போய்விட்டதாம், அதற்கு நஷ்ட ஈடு உண்டா என்று கேட்டிருந்தார். மின்னசோட்டாவில் ஒரு பெண் உறைந்த ஏரியின் மேல் நிறுத்துகிறாள். ‘எதிர்வீட்டு வாசலில் நிறுத்துகிறேன், அவர்களை எனக்குப் பிடிக்காது’ என்று ஒரே வரி எழுதியிருந்தார் ஒருவர். அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு நெடுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரும் பெயரும் தெரியாத இத்தனை பேர் தங்கள் தங்கள் ஜன்னல் வழியாக ஒரு காரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

நானும் நிறுத்தினேன். இன்று ஒரு ஜன்னலுக்குக் கீழே, நாளை வேறொரு ஜன்னலுக்குக் கீழே. ஆபத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவதாக எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஒரே வீட்டு முன்னால் அடுத்தடுத்த நாட்களில் நிறுத்த மாட்டேன். யாருக்கும் தெரியாத ஒரு நேர்மை.

ஜனவரி பனி அதையும் கெடுத்தது.

இரண்டு நாள் விடாமல் கொட்டி, கார்களெல்லாம் வெள்ளை மேடுகளாகிவிட்டன. என் கார் அன்றைக்கு எதிர்ச்சாரியில், எவுசேபியா ரெந்தெரியாவின் வீட்டு முன்னால் புதைந்திருந்தது. நான் மண்வாரியோடு போய் வெட்ட ஆரம்பித்ததும் கதவு திறந்தது. அறுபதைத் தாண்டியவள், குள்ளமானவள், இறந்துபோன கணவனின் கோட்டைப் போட்டுக்கொண்டு தானும் ஒரு மண்வாரியோடு இறங்கி வந்தாள்.

“நகரு மிஹா. இப்படிக் கரண்டியால கிளறுனா ஈஸ்டருக்குத்தான் வண்டி வெளிய வரும்.” தன்னைவிட இளைய பெண்கள் எல்லோரும் அவளுக்கு மிஹாதான், ஸ்பானிஷில் மகளே என்று அர்த்தம். நாங்கள் எல்லோரும் மரியாதைக்கு அவளை டோன்யா என்போம்.

“வேண்டாம் டோன்யா, குளிருது. உள்ள போங்க.”

“செத்தப்புறம் நிம்மதியா உள்ளயே இருக்கேன். வெட்டு.”

இரண்டு பேரும் வெட்டி முடித்ததும், அவள் வீட்டுக்குள்ளிருந்து முதுகு உடைந்த ஒரு சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து காட்டினாள். “நீ வண்டி எடுக்கறப்ப இதை நடுவுல போட்டு வைக்கறேன். பனி உருகற வரைக்கும் இது உன் இடம்.”

எங்கள் ஊரில் அது எழுதாத சட்டம். பனியை வெட்டியவருக்கு இடம் சொந்தம். நாற்காலியோ, இஸ்திரி மேசையோ, உடைந்த துடைப்பமோ எதையாவது அதில் போட்டுவிட்டால் வேறு யாரும் அங்கே நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் டயரில் காற்று இருக்காது. அல்லது காலையில் காரின் மேல் யாரோ தண்ணீரை ஊற்றியிருப்பார்கள், கதவுகள் பனிக்கட்டிக்குள் இறுகிக் கிடக்கும். நானும் இனி வேறு எங்கேயும் நிறுத்த முடியாது. எல்லா இடத்துக்கும் ஒரு வெட்டியவர் இருந்தார், ஒரு நாற்காலி இருந்தது. எனக்கு எவுசேபியாவின் ஜன்னல் என்று ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூட்டாவை விட்டுவிட்டுத் திரும்பியபோது, பெரிய பிக்கப் வண்டிக்காரன் ஒருவன் அந்த நாற்காலியை நடைபாதையில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். எவுசேபியா செருப்போடு பனியில் நின்று கத்தினாள்.

“அடேய், இடுப்பு வலிக்க வெட்டுன பொண்ணு வர்ற நேரம். உன் அம்மா உனக்கு நாற்காலியில உக்காரத்தான் சொல்லிக்குடுத்தாளா, திருடவும் சொல்லிக்குடுத்தாளா?”

“தெரு உங்க அப்பன் வீட்டுதா, கிழவி?”

“எங்க அப்பன் வீடா இருந்தா உன்னை வாசப்படியே மிதிக்க விட்டிருக்க மாட்டான். கிளம்பு!”

அவன் கிளம்பினான். அவள் நாற்காலியை எடுத்துத் தட்டிவிட்டு, நான் உள்ளே வருவதற்குக் கையால் வழிகாட்டினாள்: வா, வா, இன்னும் கொஞ்சம், நடைபாதையை ஒட்டி வா. நான் அவள் காட்டியபடி வந்து, அவள் ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினேன். “நன்றி டோன்யா,” என்றேன். சொல்லும்போது என் நாக்கு எனக்கே அந்நியமாக இருந்தது.

அதே மாதக் கடைசியில் அவளுடைய மகள் இட்செல் பிரசவம் முடிந்து தாய் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை, நயேலி என்று பெயர். அந்த வீட்டில் நன்றாகச் சூடேறும் அறை முன்னறை ஒன்றுதான். தொட்டிலை அங்கே, ஜன்னல் ஓரம் போட்டார்கள். என் மாடியிலிருந்து பார்த்தால் மஞ்சள் விளக்கொளியில் தொட்டிலின் மேல்விளிம்பு தெரியும். அதற்கு இந்தப் பக்கம் என் காரின் கூரை.

அடுத்த நாளே காரை எடுத்துக்கொண்டு போய், தூரத்து சூப்பர்மார்க்கெட்டின் வெட்டவெளியில், விளக்குக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். காதெல்லாம் மரத்துப்போனது, ஆனால் அப்படி நிம்மதியாக நான் நடந்து ரொம்ப நாளாகியிருந்தது. மறுநாள் போனபோது கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. இன்னொரு முறை நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். வீடு திரும்பினால் எவுசேபியா வாசலில் நின்றிருந்தாள்.

“எங்க போயிட்ட? ராத்திரி பூரா இடம் காலியாக் கெடக்கு. நான் உனக்காக இந்தத் தெருவையே பகைச்சுக்கிட்டு நிக்கறேன், நீ வேற எங்கயோ நிறுத்தறியாமே?”

“இல்ல டோன்யா, வந்து...”

“வந்து?”

நான் சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குப் பின்னால் குழந்தை அழுதது. சொன்னால் அவள் நாற்காலியை எடுத்துவிடுவாள். தெரு முழுக்கத் தெரியும். இந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போனாலும் அங்கேயும் நாற்காலிகள் இருக்கும். பிறகு டீலரின் மைதானம். பிறகு சோபா.

“ஒண்ணுமில்ல,” என்றேன். காரை உள்ளே விட்டேன்.

பிப்ரவரி இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தது. அன்று அவர்கள் வீட்டில் கந்தேலாரியா, குழந்தை ஏசுவைக் கோயிலுக்குக் கொண்டுபோன நாளின் விருந்து. எனக்கு விடுமுறை, ரூட்டாவை அழைத்து வரக் கிளம்புவதற்கு முன் வந்து தமால், சோளத்தோலில் பொதிந்து அவித்த மாவு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியிருந்தாள் எவுசேபியா. சோளத்தோலைப் பிரித்து இரண்டு சாப்பிட்டேன். சூடாக இருந்தது. இட்செல் குழந்தையை என் மடியில் வைத்தாள்.

“கொஞ்சம் பிடிங்க. நான் ரெண்டு கையாலயும் சாப்பிட்டு எத்தனையோ நாளாச்சு.”

நயேலி பிறந்த குழந்தைகளுக்கே உரிய அந்தக் கோபமான முகத்தோடு தூங்கினாள். நான் தலையைத் தூக்கினேன். ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால், கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் என் கார். இதுவரை நான் அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். இங்கேயிருந்து பார்த்ததில்லை. பனியில் பாதி மூடிய அதன் இரண்டு ஜன்னல்கள் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தன.

“டோன்யா,” என்றேன், “அந்தக் கார் தீப்பிடிக்கலாம்.”

அவர்கள் முதலில் சிரித்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், ஐம்பது அடி, கோர்ஸ்கி, சூப்பர்மார்க்கெட். சொல்லி முடிக்கும்போது மடி காலியாக இருந்தது. இட்செல் எப்போது குழந்தையை எடுத்தாள் என்று தெரியவில்லை.

“எத்தனை நாளாத் தெரியும்?” என்றாள்.

“நவம்பர்ல இருந்து.”

“எங்க அம்மா செருப்புக் காலோட நின்னு சண்டை போட்டாங்களே, அப்பத் தெரியும்?”

“தெரியும்.”

“இவளைத் தொட்டில்ல போடறதை மேல இருந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களே, அப்ப?”

எவுசேபியா மேசை மேல் கிடந்த சோளத்தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கி முடித்து மறுபடி கலைத்தாள். சூடேற்றும் குழாய்கள் சுவருக்குள் டக் டக்கென்று சத்தம் போட்டன. நான் அவள் திட்டுவதற்காகக் காத்திருந்தேன். திட்டிவிட்டால் எழுந்து போய்விடலாம்.

“முன்னாடியே ஏன் சொல்லல மிஹா?”

“சொல்லியிருந்தா இடம் குடுத்திருப்பீங்களா?”

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். “இல்ல,” என்றாள். “குடுத்திருக்க மாட்டேன்.”

இட்செல் எழுந்து தொட்டிலைப் பிடித்து இழுத்தாள். அதன் ஒரு சக்கரம் தரையில் கீச்சிட்டது. எவுசேபியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“பொண்ணைக் கூட்டிட்டு வர நேரமாகல? போ. கூட்டிட்டு வந்து இங்கயே நிறுத்து. வெள்ளியும் சனியும் மட்டும். இவங்களை நான் பின்னால படுக்க வச்சுக்கறேன். மத்த நாளுக்கு என்ன பண்ணலாம்னு திங்கக்கிழமை பேசிக்கலாம்.”

“அம்மா!” என்றாள் இட்செல்.

“அவளும் ஒரு பொண்ணைப் பெத்தவடி.”

“பின்னறையில தண்ணியே உறையுது, அம்மா.”

“போர்வை இருக்கு,” என்றாள் எவுசேபியா. குரலில் கருணை எதுவும் இல்லை. ஒரு வேலையைப் பிரித்துக் கொடுப்பவளின் குரலாக இருந்தது.

ஸ்ட்ரீட்டருக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். சோள வயல்கள் வெட்டுண்டு வெள்ளையாகக் கிடந்தன; எந்தப் பக்கம் பார்த்தாலும் ஐம்பது அடி என்ன, ஐந்து மைலுக்கு ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது ரூட்டா பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் மூக்கில் பென்சில் துண்டு மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். காருக்குள் கதகதப்பாக இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வரையில் நாங்கள் யாருக்கும் தப்பு செய்யவில்லை.

தெருவுக்குள் திரும்பினேன். மணி எட்டாகியிருக்கவில்லை. எவுசேபியாவின் முன்னறையில் விளக்கு இல்லை. அவளுடைய நிலவறை ஜன்னல் திறந்திருந்தது. அதிலிருந்து தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் பனிமேல் வளைந்து வளைந்து நடைபாதை வரைக்கும் வந்து கிடந்தது. இருட்டு ஜன்னலுக்குப் பின்னால் ஒரு போர்வைக் குவியல் தெரிந்தது. எங்கள் வெளிச்சம் பட்டதும் அது அசைந்தது. அவள்தான். தொட்டில் இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வெளியே வந்து, நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்து, வழக்கம்போலக் கையைக் காட்டினாள். வா, வா.

கண்ணாடியை இறக்கினேன். “நீங்க எதுக்கு டோன்யா உக்காந்திருக்கீங்க?”

“யாராவது முழிச்சிருக்கணும் இல்ல? நீ பொண்ணோட போய்ச் சாப்பிடு.”

“குழந்தை?”

“பின்னால இருக்கா. கொஞ்சம் இருமறா. சரியாப் போயிடும். சீக்கிரம் உள்ள விடு, காலு உறையுது எனக்கு.”

ரூட்டா பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கதவுப் பிடியில் கை வைத்தாள். அவள் இறங்கிப் படியேறினால் போதும். எனக்கு இரண்டு நாள் கிடைக்கும். அடுத்த வெள்ளியும் கிடைக்கும். இந்தக் கிழவி பேட்டரி வரும் வரைக்கும் இருட்டில் உட்கார்ந்திருப்பாள். அவள் செய்வாள் என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. யாராவது முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் இத்தனை நாளும் பயந்திருந்தேன்; சரி என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்ததே இல்லை.

“கதவைச் சாத்து ரூட்டா,” என்றேன். “டோன்யா, நயேலியை முன்னறைக்குக் கொண்டாந்துடுங்க. நான் இங்க நிறுத்தல.”

“வேற எங்க நிறுத்துவ?”

“போங்க. முதல்ல அவளைக் கொண்டாங்க.”

டீலரின் கடை வெள்ளிக்கிழமைகளில் தாமதமாகத்தான் மூடும். அங்கிருந்த ஆள் தொப்பியை மாட்டிக்கொண்டு, தன் வண்டியில் முன்னால் போய் ரயில் பாதை ஓரத்து மைதானத்தைக் காட்டினான். உள்ளே நுழைந்ததும் ரூட்டா, “அம்மா, எல்லாமே நம்ம கார்!” என்றாள். ஆமாம். எங்கள் காரைப் போன்றவையே, வெவ்வேறு நிறத்தில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, பனிக்கு அடியில் வரிசையாக நின்றன. சிலவற்றின் பின் சீட்டில் குழந்தை இருக்கைகள் அப்படியே இருந்தன. ஒன்றில் கிறிஸ்துமஸ் மாலை தொங்கியது.

“எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்துக்கோங்க மேடம். அப்புறம் உள்ள விட மாட்டாங்க.”

ரூட்டாவின் கையுறைகளையும் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டேன். சாவியைக் கொடுத்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி டேரலுக்குப் போன் செய்தேன். “ஞாயித்துக்கிழமை நீ வந்து கூட்டிட்டுப் போகணும். என்கிட்ட கார் இல்ல.”

“என்னாச்சு?”

“விட்டுட்டேன்.”

அவன் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. “சரி, வரேன். அப்ப அடுத்த வாரத்துல இருந்து?”

ரூட்டா காலால் பனியை உதைத்துக்கொண்டிருந்தாள். கேட்காதவள்போல முகத்தை வைத்திருந்தாள்.

“அடுத்த வாரத்துல இருந்து நான் அங்க வரேன்,” என்றேன்.

“நல்லது ஆல்டோனா. ஜோலீன்கிட்ட சொல்லிடறேன்.”

பஸ் வர நேரமானது. வந்ததும் ரூட்டா கடைசி வரிசைக்கு ஓடிப் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அங்க வந்தா ராத்திரி தங்குவியா?”

“மாட்டேன்.”

“ஏன்?”

“அது உங்க வீடு.”

அவள் மறுபடி கண்ணாடியைத் துடைத்தாள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, யாரோ இறங்கி, யாரோ ஏறி, போய்க்கொண்டே இருந்தது.